வன்னியின் பழைய கட்டடங்களும் மண்ணுக்குத் திரும்பும் மின்சாரமும்

ஒரு கட்டடத்தின் வயதை அதன் சுவரின் வெடிப்பைக் கொண்டும், கதவுநிலையின் மரத்தைக் கொண்டும், படிக்கட்டின் தேய்வைக் கொண்டும் அனுபவமுள்ளவர் ஒருவாறு மதிப்பிட்டுவிடுவர். ஆயினும் அச்சுவர்களுக்குள்ளே மறைந்தோடும் மின்கம்பிகளின் வயதை அவ்விதம் கண்ணாற் கண்டு கூறுதல் எவர்க்கும் எளிதன்று. வன்னிப் பெருநிலப்பரப்பிலோ இவ்விரு வயதுகளும் ஒன்றோடொன்று பொருந்தாமலே பல இடங்களில் நிற்கின்றன. கீழே கடையும் மேலே வாடகை அறைகளுமாக வவுனியா நகரில் அமைந்த பழைய மாடிக் கட்டடங்களிலும், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் யுத்தத்துக்குத் தப்பி எஞ்சிய உத்தியோகத்தர் விடுதிகளிலும், மரச்சட்டத்தின் மீது ஆணியடித்துச் செலுத்திய ரப்பர் உறைக் கம்பி ஒரு புறமும், பிற்காலத்துப் பிவிசி உறைக் கம்பி மறுபுறமும், இரண்டையும் முறுக்கி இணைத்த இடத்தில் ஒரு கறுப்பு நாடாச் சுற்றுமாக, ஒரே கூரையின் கீழ்ப் பல தலைமுறை வயரிங் கூடி வாழ்வதைக் காணலாம். இத்தகைய கட்டடமொன்றின் மின்னமைப்பைப் புதுப்பிக்க முனைவோர், இன்னும் எத்தனை பிளக் பொயின்ற் போடலாம், மேல்மாடிக்குக் குளிரூட்டி பூட்டலாமா என்றே முதலில் விசாரிக்கின்றனர். வழிதவறி வெளிப்பட்ட மின்சாரம் எந்தப் பாதையால், எவ்வளவு விரைவில் திரும்பிச் செல்லும் என்ற வினாவே அவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்கப்படவேண்டியது என்பதையும், அதற்குரிய விடையிற் பாதி வன்னியின் மண்ணிலேயே உள்ளது என்பதையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்ட பின்னர், ஓமந்தைக்கு வடக்கேயுள்ள நிலப்பரப்பின் மிகப் பெரும் பகுதி தேசிய மின்வலையமைப்பின் பயனை நீண்ட காலம் இழந்திருந்தது. மண்ணெண்ணெயும் பற்றரியும் கிடைத்தற்கரிய பொருள்களாகிய அந்நாட்களில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, சில்லோடு உராயும் டைனமோ தந்த 6 வோல்ற்று அளவான மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்ட குடும்பங்கள் அநேகம். காந்தம் சுழலச் சுருளிலே மின்சாரம் பிறக்கும் என்று மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் நியதியை, பாடசாலையிற் கற்குமுன்னரே வன்னிப் பிள்ளைகள் தம் கைவலியால் அறிந்துகொண்டனர் எனலாம். யுத்தம் முடிந்த பின்னர், யப்பானின் கடனுதவியோடு வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு 132 கிலோவோல்ற்று மின்செலுத்துவழி அமைக்கப்பட்டு, அங்கிருந்து சுன்னாகத்துக்கும் நீட்டப்பட்டது. வீதிதோறும் தூண்கள் எழுந்தன. சேவை வயர் வீடுகளுக்கு வந்தது. ஆயினும் 6 வோல்ற்றையும் 12 வோல்ற்றையும் வெறுங்கையால் முறுக்கி இணைத்துப் பழகிய கைகள், 230 வோல்ற்று வந்த போதும் அதே சுபாவத்தோடு அதனை அணுகியதை எங்கும் காணக்கூடியதாக இருந்தது. அந்தச் சாமர்த்தியம் ஒரு காலத்தில் உயிர் காத்தது; இன்று அதுவே ஆராய்ந்து திருத்தப்படவேண்டியதாகின்றது.

பழைய கம்பி என்ற காரணத்தினால் மாத்திரம் ஒரு கம்பி அபாயமானதாகிவிடுவதில்லை. அது எந்தச் சுமைக்காக இடப்பட்டதோ, அச்சுமை மாறியதே பெரும்பாலான தீமைக்குக் காரணம். நமது கடைகளிற் கம்பி வாங்குவோர் 1/1.13 என்றும், 7/0.67 என்றும், 7/1.04 என்றும் கேட்பதை யாவரும் அறிவர். முதல் எண் இழைகளின் தொகை. அடுத்தது ஒவ்வோர் இழையின் விட்டம், மில்லிமீற்றர் அளவில். கணக்கிட்டுப் பார்த்தால், முதலாவது கம்பியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 1 சதுர மில்லிமீற்றர், அடுத்தது 2.5, மூன்றாவது 6 எனப் பெறப்படும். விளக்குகளுக்கு முதலாவதும், பிளக் பொயின்ற்றுகளுக்கு இரண்டாவதும், பெருஞ்சுமைகளுக்கு மூன்றாவதும் உரியன. நான்கு 60 உவாற்று மின்குமிழும் ஒரு விசிறியும் ஒரு வானொலியும் இருந்த முற்கால அறையொன்று 350 உவாற்றளவில், அதாவது ஒன்றரை அம்பியரில் திருப்தியடைந்தது. இன்றைக்கு அதே அறையிற் குடியிருப்போர் 700 உவாற்றுச் சோறு சமைக்கும் சட்டி, 1800 உவாற்றுக் கேத்தல், 1000 உவாற்று ஸ்திரிக்கைப்பெட்டி, 1100 உவாற்றுக் குளிரூட்டி ஆகிய நான்கையும் ஒருங்கே இயக்குவாராயின், 4600 உவாற்றை 230 வோல்ற்றால் வகுக்க, 20 அம்பியர் ஓட்டம் அக்கம்பியிடம் கேட்கப்படுகின்றது. விளக்குக்கென்று இட்ட 1/1.13 கம்பி சுவருக்குள் குழாயினூடு செல்லும்போது தாங்கக்கூடியதோ 11 முதல் 13 அம்பியர் வரையிலேயே.

இதன் விளைவைப் பௌதிகம் மிகத் துல்லியமாகக் கூறுகின்றது. கம்பியிற் பிறக்கும் உஷ்ணம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. பிரதான பலகையிலிருந்து 20 மீற்றர் தூரத்திலுள்ள அறைக்குப் போகவும் வரவுமாக 40 மீற்றர் நீளமான 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியை எடுத்துக்கொண்டால், அதன் தடை ஏறத்தாழ 0.7 ஓம். ஒன்றரை அம்பியர் பாயும்போது அதிற் பிறக்கும் வெப்பம் 1.6 உவாற்று; கையால் தொட்டாலும் உணரமுடியாதது. ஓட்டம் பத்து மடங்காகி 15 அம்பியர் ஆகும்போது வெப்பம் நூறு மடங்காகி 157 உவாற்றைத் தொடுகின்றது. பிவிசி உறை 70 பாகை செல்சியசுக்கு மேற் சென்றால் மெல்லமெல்ல இளகிப் பின் விறைத்துப் போவது; அதற்கு முந்திய காலத்து ரப்பர் உறையோ உஷ்ணத்தாலும் ஒட்சிசனாலும் நொறுங்கி, வளைத்த மாத்திரத்தில் உதிர்ந்துவிடுவது. மேலும், நமது மின்னிணைப்பாளர் பின்பற்றும் பிரித்தானிய அட்டவணைகள் சுற்றாடல் வெப்பநிலை 30 பாகை என்ற எடுகோளின் மீது வகுக்கப்பட்டவை. 40 பாகையில் அக்கம்பியின் கொள்ளளவு 87 சதவீதமாகவும், 50 பாகையில் 71 சதவீதமாகவும் குறைகின்றது. சித்திரை வைகாசி வெயிலில், கல்நார்த் தகட்டுக்கும் சீலிங்குக்கும் இடையே அடைபட்ட காற்றின் சூட்டை ஒரு தடவையேனும் உள்ளே ஏறி அறிந்தவர், இலண்டன் நகர அட்டவணையை வன்னிக் கூரைக்கு அப்படியே பிரயோகித்தல் தகாது என்பதை உடனே ஒப்புக்கொள்வர்.

கம்பியை விடக் கம்பிகள் கூடும் இடமே பெரும்பாலும் முதலில் எரிகின்றது. இணைப்பு தளர்ந்த ஓரிடத்தில் அரை ஓம் தடை தோன்றுமாயின், 10 அம்பியர் பாயும்போது அங்கே 50 உவாற்று வெப்பம் பிறக்கின்றது. வானொலி திருத்துபவரின் பற்றாசுக்கோல் ஈயத்தை உருக்குவதற்குக் கொள்ளும் சக்தியும் ஏறத்தாழ அவ்வளவே. அதனை ஒரு திருகாணித் தலையின் பரப்பில், மணிக்கணக்காக, மரப்பலகைக்கு அருகே வைத்திருப்பதற்கு ஒப்பானது அது. சூடாகிய உலோகம் விரிகின்றது, ஆறியபின் சுருங்குகின்றது, ஒவ்வொரு சுழற்சியிலும் திருகாணி சிறிது தளர, செப்பின் மீது ஒட்சைட்டுப் படலம் சிறிது தடிக்கின்றது, அதனாற் சூடு பின்னும் ஏறுகின்றது. குளிர்சாதனப்பெட்டி இயங்கத் தொடங்கும் கணத்தில் விளக்கு மங்குதல், பிளக்கைச் சுற்றிக் கபில நிறக் கறை படிதல், மீன் வாடை போன்றதோர் எரிமணம் வீசுதல் ஆகிய இவை அந்த நோயின் குறிகள். இவ்வித வெப்பத்தை உருகியும் உணராது, பின்னர் விளக்கப்படும் ட்ரிப் சுவிச்சும் உணராது. ஏனெனில் ஓட்டத்தின் அளவும் பாதையும் அங்கே பிழைக்கவில்லை. கண்ணும் மூக்கும் திருகாணி முடுக்கியும் அன்றி அதற்கு வேறு காவல் இல்லை.

படிக்கட்டின் அடியிலே மாட்டப்பட்டிருக்கும் பழைய மீற்றர்ப் பலகையொன்றைத் திறந்து பார்ப்போம். கறையான் அரித்த விளிம்புடைய தேக்கம் பலகை. அதன் மீது குடித்தனங்களுக்கு ஒன்றாக மின்மானிகள். கீழே வெண்பீங்கானாலான கட்-அவுட்டுகள். மூலையில் மண்குளவி கட்டிய கூடு. ஒரு கட்-அவுட்டை மெல்லப் பிடுங்கினால், உருகிக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில், யாரோ ஒருவர் ஒரு வயரை உரித்து எடுத்த செப்பிழைகள் மூன்று, முறுக்கித் திணிக்கப்பட்டுக் காணப்படும். அடிக்கடி பியூஸ் போகின்றது என்ற முறைப்பாட்டுக்கு அந்த மனிதர் கண்ட பரிகாரம் அது. உருகி என்பது கம்பியைக் காப்பதற்காகத் தன்னை அழித்துக்கொள்ளும் சாதனம். அதனை அழியாததாக்கினால், அழியும் முறை சுவருக்குள்ளிருக்கும் கம்பிக்கு வந்துசேர்கின்றது. சரியான கம்பியிட்ட பழைய உருகியும் குறையுடையதே: 15 அம்பியர் என்று பெயர் பெற்ற அது, அதன் இரு மடங்கை அணுகும் வரையில் உருகுவதில்லை. ஆதலால் இக்காலத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியே சிறு சுற்றுடைப்பான் வைப்பதே முறையாயிற்று. அதனுள்ளே ஈருலோகத் தகடு ஒன்று நீடித்த மிகைச்சுமையை உணர்ந்து வளைகின்றது. மின்காந்தச் சுருள் ஒன்று திடீர்க் குறுஞ்சுற்றை உணர்ந்து கண நேரத்தில் இழுக்கின்றது.

இவையனைத்தும் கம்பியையும் கட்டடத்தையும் காப்பன. மனிதரைக் காப்பதற்கு இவை போதா. இலங்கையில் மின்சார சபை வீட்டுக்குக் கொணர்வது உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி என்னும் இரண்டையே; புவிக்கம்பியை வீட்டுக்காரர் தம் காணியில் ஒரு கோலை அடித்துத் தாமே அமைத்துக்கொள்ளவேண்டும். மின்மாற்றியின் நொதுமல் முனை அதனருகே மண்ணோடு தொடுக்கப்பட்டுள்ளது. நமது குளிர்சாதனப்பெட்டியின் உலோக உடல் நமது கோலினூடாக மண்ணோடு தொடுக்கப்பட்டுள்ளது. உயிர்க்கம்பியின் உறை கிழிந்து உடலைத் தொடுமாயின், அம்மின்சாரம் புவிக்கம்பி வழியே கோலை அடைந்து, அங்கிருந்து மண்ணினூடு மின்மாற்றியை நோக்கித் திரும்பவேண்டும். சுற்றின் ஒரு பகுதி செம்பு. மற்றப் பகுதி வன்னி மண். நமது கோலின் தடை 100 ஓம் எனவும், மின்மாற்றியருகேயுள்ள புவித்தொடுப்பின் தடை 10 ஓம் எனவும் கொள்வோம். 230 வோல்ற்றை 110 ஓமினால் வகுத்தால் 2.1 அம்பியர் கிடைக்கும். 15 அம்பியர் உருகிக்கு இது பொருட்படுத்தத்தக்க ஓட்டமேயன்று, அது உருகாது. அப்பொழுது குளிர்சாதனப்பெட்டியின் கைபிடியில் நிலைத்து நிற்கும் அழுத்தமோ 209 வோல்ற்று. கோலை எவ்வளவோ திருத்தித் தடையை 20 ஓமுக்குக் குறைத்தாலும் பாயும் ஓட்டம் 8 அம்பியரைத் தாண்டாது; அப்போதும் உருகி அசையாது. எர்த் அடித்திருக்கிறோம், ஆகவே பயமில்லை என்று நம்மவர் கொள்ளும் தைரியம் எவ்வளவு ஆதாரமற்றது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

மண்ணின் குணத்தைச் சிறிது நின்று ஆராய்தல் தகும். மண்ணின் தடைத்திறன் 100 ஓம்-மீற்றராக இருக்குமிடத்தில், நாலடி நீளமான கோலொன்றை நிலத்தில் அறைந்தால், அதன் தடை ஏறத்தாழ 70 ஓம் வரும். அதே கோலை 1000 ஓம்-மீற்றர் தடைத்திறனுடைய உலர்ந்த மணலில் அறைந்தால் 700 ஓம் ஆகும். ஈரமும் உப்பும் மண்ணிற் கடத்துந்திறனைப் பெருக்குவன. வறட்சி அதனைக் கெடுப்பது. முல்லைத்தீவுக் கரையோர மணலின் மேற்பரப்பும், சோளகக் காற்றில் மாதக்கணக்காகக் காய்ந்த வவுனியாச் செம்மண்ணும், மாரி மழையில் ஊறிய வயற்களியும் ஒரே கோலுக்கு வெவ்வேறு விடைகளைத் தரும் என்பது இதனாற் பெறப்படும். கோலைத் தடிப்பாக்குவதாற் பெரும் பயனில்லை, நீளமாக்குவதாற் பயனுண்டு. ஏனெனில் மின்சாரம் கோலிலிருந்து நாற்புறமும் விரிந்து செல்லும்போது, கோலை ஒட்டிய மெல்லிய மண் அடுக்கிலேயே அதன் சிரமத்தின் பெரும் பங்கு அடங்கிவிடுகின்றது. அப்பால் செல்லச்செல்லப் பாதை அகன்றுவிடுகின்றது. கோலைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு நீர் வார்க்கும் பழைய வழக்கத்தின் தத்துவமும் இதுவே. ஆனால் உப்பை மழை கரைத்துச் சென்றுவிடும். எஞ்சிய உப்பு கோலை அரிக்கும். கிணற்றடியிலோ குளியலறைக் கழிவுநீர் வடியும் ஓரத்திலோ ஆழமாக அடித்து, கோலும் கம்பியும் கூடும் கவ்வியை ஆண்டுக்கொரு முறை துலக்கிப் பார்ப்பது மேலான வழி. பச்சை பூத்த கவ்வியொன்று, அதன் கீழுள்ள கோல் எவ்வளவு சிறந்ததாயினும், அதனைப் பயனற்றதாக்கிவிடும்.

மண் எவ்வளவு உலர்ந்தாலும் மனிதரைக் காக்கக்கூடிய உபாயம் ஒன்று உண்டாயின் அது ட்ரிப் சுவிச் என்று நாம் வழங்கும் கருவியே. அதனுள்ளே ஒரு காந்த வளையம். அவ்வளையத்தினூடே உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் ஒருங்கே செல்கின்றன. போன ஓட்டம் முழுவதும் திரும்பி வருமாயின் இரண்டின் காந்த விளைவுகளும் ஒன்றையொன்று அழித்துவிடும், வளையம் உறங்கும். போன ஓட்டத்தில் ஒரு சிறு பகுதி குளிர்சாதனப்பெட்டியின் உடல்வழியே, அல்லது ஒரு குழந்தையின் கைவழியே, மண்ணுக்குச் சென்றுவிடுமாயின், அந்த வித்தியாசம் வளையத்திற் காந்தப்புலத்தை எழுப்பி, அதிற் சுற்றிய மூன்றாவது சுருளில் மின்சாரத்தைத் தூண்டி, பொறியை விடுவிக்கின்றது. சைக்கிள் டைனமோவில் வானொலியைப் பேசவைத்த பரடேயின் நியதியே இங்கே உயிரைக் காக்கின்றது. அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்து மின்பொறியியலாளர் சார்ள்ஸ் டல்சீல், தாமாக முன்வந்தோர் மீது பரிசோதனை செய்து, கையாற் பற்றிய மின்கம்பியை விட்டுவிடக்கூடிய எல்லை ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி அம்பியரும், பெண்களுக்கு 10.5 மில்லி அம்பியரும் எனக் கண்டார். 1961இல் இத்தகைய காப்புக் கருவியொன்றையும் அவரே வகுத்தார். நமது வீடுகளுக்குரிய கருவி 30 மில்லி அம்பியர் வித்தியாசத்தை உணர்வது. தொடுவோருக்குப் பெரும்பாலும் தீங்கற்றது எனக் கொள்ளப்படும் 50 வோல்ற்றை 0.03 அம்பியரால் வகுத்தால் 1667 ஓம் வரும். அதாவது, உருகியைக் கொண்டு காப்பதற்குப் போதாத வறண்ட மண்ணிலும், தடை ஆயிரம் ஓமைத் தாண்டினாலும், இக்கருவி தன் கடமையைச் செய்யும். ஆகவே நமது நாட்டு அமைப்பில் ட்ரிப் சுவிச் ஓர் ஆடம்பரமன்று. கோலும் அதுவும் சேர்ந்தே ஒரு முழுமையான காப்பு. அதன் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்ப்பது நன்று. எனினும் அப்பொத்தான் பொறியை மாத்திரமே சோதிக்கின்றது, கோலைச் சோதிப்பதில்லை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

பல குடித்தனங்கள் கூடிய மாடிக் கட்டடத்துக்கே உரிய வேறோர் அபாயமும் உண்டு. மூன்று பேஸ் இணைப்புப் பெற்ற கட்டடத்தில் ஒவ்வொரு மாடியும் ஒவ்வோர் உயிர்க்கம்பியிலிருந்து மின் பெற, நொதுமல் கம்பி எல்லோர்க்கும் பொதுவாயிருக்கும். உயிர்க்கம்பி ஒன்றுக்கும் நொதுமலுக்கும் இடையே 230 வோல்ற்று. உயிர்க்கம்பிகள் இரண்டுக்கு இடையேயோ 400 வோல்ற்று. பொது நொதுமல் கம்பி துருப்பிடித்தோ எரிந்தோ அறுந்துவிடுமாயின், இரண்டு மாடிகளின் சாதனங்கள் தொடராக இணைந்து அந்த 400 வோல்ற்றைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். கீழ்மாடியில் 1000 உவாற்றுச் ஸ்திரிக்கைப்பெட்டியும், மேல்மாடியில் 100 உவாற்றுத் தொலைக்காட்சியும் அப்போது இயங்கினால், அவற்றின் தடைகள் 53 ஓமும் 529 ஓமும் ஆதலால், ஸ்திரிக்கைப்பெட்டிக்கு 36 வோல்ற்று மாத்திரம் எஞ்ச, தொலைக்காட்சியின் மீது 364 வோல்ற்று பாய்கின்றது. கீழ்வீட்டில் விளக்கு மங்க, மேல்வீட்டில் அது கண்கூச எரிந்து அணைந்தால், உடனே பிரதான சுவிச்சை நிறுத்திவிடுதல் வேண்டும். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது உயிர்க்கம்பிகளுக்குக் காட்டும் கவனத்தை விட நொதுமல் இணைப்புக்கே கூடிய கவனம் காட்டவேண்டும் என்பது இதன் பாடம்.

இதனோடு தொடர்புடையது படிக்கட்டு விளக்கின் கதை. கீழிருந்தும் மேலிருந்தும் போட்டு அணைக்கக்கூடிய அவ்விளக்குக்கு, கம்பியைச் சிக்கனம் செய்யும் பொருட்டு, உயிர்க்கம்பியைக் கீழ்மாடிச் சுற்றிலிருந்தும், நொதுமலை மேல்மாடிச் சுற்றிலிருந்தும் எடுப்பது முற்கால வழக்கம். உருகிகளின் காலத்தில் அதனால் எவர்க்கும் குறை தெரியவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் ட்ரிப் சுவிச் பூட்டிய அன்றே, படிக்கட்டு விளக்கைப் போட்டவுடன் இரண்டு மாடிகளும் இருளில் மூழ்கும். ஏனெனில் கீழ்வளையத்தினூடு போன ஓட்டம் மேல்வளையத்தினூடு திரும்புகின்றது. புதிய கருவி பழுது என்று எண்ணி அதனை நேர்க்கம்பியால் தாண்டி இணைத்துவிடும் துணிச்சலை இங்கேதான் காண்கின்றோம். கருவி மெய்யையே உரைத்தது. பிழை கம்பியின் வழியில் இருந்தது. சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வோர் உயிர்க்கம்பிக்கும் அதற்குரிய நொதுமலை இனங்கண்டு சேர்க்கும் பொறுமையான வேலையின்றி, பழைய மாடிக் கட்டடத்தில் ட்ரிப் சுவிச் நிலைத்து நில்லாது.

2022இன் பங்குனி இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, யுத்தகாலத்துச் சாமர்த்தியம் வன்னியில் மீண்டும் தலைகாட்டியது; ஜெனறேற்றரின் மின்சாரத்தை இரு நுனிகளிலும் பிளக் கொண்ட வயரொன்றால் சுவர்ப் பொயின்ற்றினூடே வீட்டுக்குள் செலுத்தும் முறை பரவியது. மின்மாற்றி இருபுறமும் தொழிற்படும் கருவி என்பதை இவ்வழக்கம் மறந்துவிடுகின்றது. பிரதான சுவிச்சை நிறுத்த மறந்தால், வீட்டிலிருந்து வெளியேறும் 230 வோல்ற்று, வீதியோர மின்மாற்றியினூடு எதிர்த்திசையில் உயர்ந்து, ஆயிரக்கணக்கான வோல்ற்றாகி, மின்சாரம் இல்லை என்று நம்பித் தூணில் ஏறிய ஊழியரைத் தாக்கும். இரு வழிகளும் ஒருங்கே மூடமுடியாதவாறு அமைந்த மாற்றுச் சுவிச் ஒன்றே இதற்குப் பரிகாரம். வலையமைப்போடு இணைந்த கூரைச் சூரியகலங்களின் இன்வேட்டர், வலையமைப்பு நின்றவுடன் தானும் நின்றுவிடுவதற்கும் காரணம் இதுவே. வெயில் எறிக்கையில் ஏன் கறண்ட் இல்லை என்று குறைகூறுவோர் இதனை அறிவது நலம்.

இனி, புதுப்பிக்கும் வேலையின் ஒழுங்கைக் கூறுவோம். முதலாவது, உள்ளதை அறிதல்: ஒவ்வொரு சுற்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எது எங்கே செல்கின்றது என்று ஒரு படம் வரைந்துகொள்ளல். பின்னர் மெகர் கருவியால் 500 வோல்ற்று நேரோட்டத்தைச் செலுத்தி, உயிர்க்கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான காவற்றடையை அளத்தல். அது ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்குமாயின் அந்தச் சுற்றில் நம்பிக்கை வைத்தலாகாது. ரப்பர் உறைக் கம்பியாயின் அளவு எதுவாயினும் அகற்றிவிடுதலே நன்று. இரண்டாவது, புவிக்கோலும், ஒவ்வொரு பிளக் பொயின்ற் வரைக்கும் அறாமற் செல்லும் புவிக்கம்பியும். மூன்றாவது, நொதுமல்களைப் பிரித்து, ட்ரிப் சுவிச்சும் சுற்றுடைப்பான்களும் பூட்டல். நான்காவதாகவே, கேத்தலுக்கும் குளிரூட்டிக்கும் தனிச்சுற்று இடுதலும், தேவையானால் 30 அம்பியர் ஒற்றைப் பேஸ் இணைப்பை மூன்று பேஸாக உயர்த்தித் தருமாறு மின்சார சபைக்கு விண்ணப்பித்தலும் வரவேண்டும். வட்டமுனைச் செருகிகளின் இடத்தில், தேசிய நியமமாக ஏற்கப்பட்ட 13 அம்பியர் சதுரமுனைச் செருகியை இடுவதாற் கிடைக்கும் இலாபமும் இங்கே உண்டு: அச்செருகிக்குள்ளேயே உருகி ஒன்று அடங்கியுள்ளது. ஆனால் மூன்று முனையை இரண்டாக்கும் மலிவான அடப்ரர் ஒன்றைச் செருகிய மாத்திரத்தில், இதுகாறும் கூறிய புவித்தொடுப்பு முழுவதும் வீணாகும். இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, நான்காவதை முதலிற் செய்து மற்றவற்றைப் பிறகு பார்ப்போம் என்று விடுவதே நமது வழக்கமாயிருக்கின்றது.

செலவு யாருடையது என்ற வினா மாடிக் கட்டடங்களில் எப்போதும் எழும். அறைக்குள்ளிருக்கும் பொயின்ற் குடியிருப்போருடையது என்று வாதிடலாம். ஆனால் கோலும், பிரதான பலகையும், பொது நொதுமலும் எவர் ஒருவருடையனவும் அல்ல, யாவருடையனவும் ஆகும். ஒரு குடித்தனம் தன் பங்கைத் தர மறுத்தால் ஏனையோரின் காப்பும் குறைவுபடுகின்றது; ஆதலின் கட்டட உரிமையாளர் அச்செலவை வாடகையோடு சேர்த்தேனும் ஏற்று முடித்தல் நியாயம்.

வேலையாட்களுக்கும் அறிவுக்கும் வன்னியில் இன்று பஞ்சமில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இயங்குகின்றது. அதே நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் தொடங்கப்பட்டது. 2021இல் வவுனியாவும் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இந்நிறுவனங்களின் மாணவர் செய்யத்தக்க எளிய ஆராய்ச்சியொன்று காத்திருக்கின்றது: வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் தெரிந்தெடுத்த இடங்களில், ஒரே அளவான கோலின் தடையை மாதந்தோறும் அளந்து அட்டவணையாக்கல். புவித்தொடுப்பைப் பரீட்சிக்க மின்னிணைப்பாளர் மார்கழி மழையில் வந்தால், மண் அவருக்கு இனிய விடையையே கூறும். அந்த எண்ணைச் சான்றிதழில் எழுதிவிட்டுப் போனால், ஆவணியின் வறட்சியில் அது எத்தனை மடங்கு பெருகும் என்பதை அச்சான்றிதழ் சொல்லாது. ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னர், மண் மிகவும் காய்ந்திருக்கும் புரட்டாதியில் ஒரு முறை அளந்து, அந்த எண்ணையே கணக்குக்கு ஆதாரமாகக் கொள்ளவேண்டும் என்ற விதியொன்றை நமது மின்னிணைப்பாளர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, பெருஞ்செலவும் வேண்டியதில்லை. அளக்கும் கருவியொன்றும், அதனை உரிய மாதத்தில் எடுத்துச் செல்லும் மனமுமே போதும்.